கதிரவெளிக் கடற்காற்றில் பெட்டூனியா

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் வசந்தகாலக் கோலாகலம். விக்டோரியா பூங்காவிலும் ஹக்கல தாவரவியல் பூங்காவிலும் பெட்டூனியா பாத்தி பாத்தியாகப் பூத்துக் கிடக்கும். கிழக்கிலிருந்து குடும்பமாகப் போய் வருபவர்களின் வான்களில், லீக்ஸ், கரட் பைகளோடு இரண்டு மூன்று பூச்சாடிகளும் ஏறிவிடுகின்றன. வாழைச்சேனையில் திரும்பி, பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி, வாகரையையும் கடந்து கதிரவெளிக்கு வந்து இறங்கும்வரை அந்தப் பூக்கள் முகம் வாடுவதில்லை. மே மாதம் முடியும்போதுதான் நிலைமை தெரியும். தண்டு நீண்டு, அடியிலைகள் மஞ்சளித்து, நுனியில் மட்டும் சிறுத்த ஒரு பூ நிற்கும். கச்சான் காற்று பலமாக வீசத் தொடங்கிய சில நாட்களில் சாடி வெறும் சாடியாகிவிடும். பிறகு வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இந்தச் செடி எங்கட மண்ணுக்கு வராது."

பழி தவறான இடத்தில் விழுகிறது. மண்ணில் ஒரு பிழையும் இல்லை. வாங்கிய மாதம்தான் பிழை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏப்ரல் பூக்காலம். கடல் மட்டத்தில் இருக்கும் கதிரவெளியில் அதே ஏப்ரல் பெட்டூனியாவின் கடைசி மாதம். இங்கே இந்தச் செடியின் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் கைக்கு எட்டும் வேலைகள்தான்.

பெட்டூனியாவின் பிறந்த வீட்டை அறிந்தால் அதன் குணம் விளங்கும். உருகுவே, ஆர்ஜென்டீனா, தெற்குப் பிரேசில் ஆகியவைதான் அதன் தாயகம். இன்று உலகெங்கும் சாடிகளில் வளரும் கலப்பினச் செடிக்குப் பெற்றோர் இரண்டு காட்டினங்கள்: வெள்ளைப் பூப் பூக்கும் ஒன்று, ஊதாப் பூப் பூக்கும் ஒன்று. வெள்ளையினத்தின் மாதிரியை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமர்சன் மொண்டெவிடியோப் பகுதியில் சேகரித்தார். ஊதாவை 1831இல் புவனோஸ் அயர்ஸிலிருந்து ஸ்கொட்லாந்துக்கு அனுப்பியவர் ஜேம்ஸ் ட்வீடி. இரண்டும் இங்கிலாந்துத் தோட்டங்களில் சந்தித்தன. 1830கள் முடிவதற்குள் கலப்புச் செடிகள் கடைக்கு வந்துவிட்டன.

கதிரவெளிக்காரருக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஊதாக் காட்டினத்தின் ஒரு வகை தெற்குப் பிரேசிலின் கடலோர மணல் மேடுகளில் படர்ந்து வளர்கிறது. வெள்ளையினமும் கரையோரப் பாறைகளிலும் மணலிலும் வேர் பிடிக்கக் கூடியது. ஆகவே மணலும் கடற்காற்றும் பெட்டூனியாவின் பரம்பரைக்குப் பழக்கமானவைதான். பழக்கமில்லாதவை இரண்டு: இரவிலும் தணியாத வெக்கை, நாட்கணக்கில் இலையை நனைத்து நிற்கும் மழை. கிழக்குக் கரையில் இந்த இரண்டும் தாராளமாக உண்டு. மாரியில் மழை, கோடையில் வெக்கை. இவற்றுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் பெட்டூனியா பூக்க வேண்டும்.

அந்த இடைவெளி எவ்வளவு? மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும் பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில், வாடைக்காற்றோடு கொட்டித் தீர்த்துவிடும். பகல் வெப்பம் அப்போது 28 பாகை அளவில் நிற்கும். பெட்டூனியா விரும்புவது 18 முதல் 27 பாகை வரையான வெப்பம் என்பதால் இது அதற்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஜூனில் அதே இடத்தில் 33, 34 பாகை. கூடவே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு ஈரமற்று இறங்கி வரும் கச்சான். இலையின் நீரை வேர் ஈடுகட்டுவதற்குள் காற்று உறிஞ்சிவிடும். ஆக, வெப்பம் ஒத்துவரும் மாதங்களில் மழை கெடுக்கிறது. மழை விடும் மாதங்களில் வெப்பம் கெடுக்கிறது. பாத்தியில் நட்டவர் இரண்டில் ஒன்றுக்குத் தோற்றே ஆக வேண்டும். சாடியில் வைத்தவர் தோற்க வேண்டியதில்லை. மழையைக் கூரை தடுக்கும், ஒக்டோபரிலேயே செடியைத் தொடங்கலாம். கிழக்கில் பல்கனியும் விறாந்தையும்தான் பெட்டூனியாவுக்குப் பாத்தி என்று சொல்வது அதனால்தான்.

கதிரவெளியில் மாடி வீடு அரிது. 2004 டிசம்பரின் கடற்கோளையும், 2006 இறுதியில் போரால் ஊரோடு இடம்பெயர்ந்து 2007இல் திரும்பிய காலத்தையும் கண்ட ஊர் இது. திரும்பி வந்து எழுப்பிய வீடுகளில் பெரும்பாலானவை ஒரு தளம், முன்னால் ஒரு சின்ன விறாந்தை என்ற அளவில் இருப்பவை. வாழைச்சேனையிலும் மட்டக்களப்பு நகரிலும் உள்ள மாடி வீட்டுக்காரருக்குப் பல்கனி எப்படியோ, கதிரவெளிக்கு இந்த விறாந்தை அப்படி. பெட்டூனியாவுக்கு வேண்டியது மேலே கூரையும் பக்கத்தில் வெளிச்சமும் மட்டுமே. மாடியா தரையா என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை.

திசைதான் பொருட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகள் இந்த இடத்தில் நம்மைத் திசைமாற்றிவிடும்.

கதிரவெளி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை சொச்சத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி நண்பகலில் சூரியன் உச்சிக்குத் தெற்கே நன்றாகச் சாய்ந்து, தரையிலிருந்து ஏறக்குறைய 60 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குப் பார்த்த விறாந்தையின் கூரைக்கடியில் அந்த வெயில் தாராளமாக நுழையும். செடிக்கு வேண்டிய ஐந்து ஆறு மணி நேர வெயில், மழை நாட்களைத் தவிர்த்தால், கிடைத்துவிடும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் வீட்டுச் சுவரே சாரலை மறைத்துக்கொள்ளும். சித்திரை வருடப் பிறப்புக்குச் சில நாட்கள் முன் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பிறகு ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும், தெற்கு விறாந்தை நிழலாகிவிடும். பூக்கும் காலத்தில் வெயிலும் கருகும் காலத்தில் நிழலும் தருகிற திசை இது. வீடு கட்டியவர் நினைத்துக் கட்டியிருக்க மாட்டார், ஆனால் தெற்கு வாசல் அமைந்தவருக்குப் பெட்டூனியா பாதி வளர்ந்த மாதிரி.

கடலைப் பார்த்த கிழக்குப் பக்கமும் நல்லதே. காலை வெயில் பெட்டூனியாவுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் மாரியில் சாரல் நேராக உள்ளே அடிக்கும், உப்புக்காற்றும் கூட வரும். கிழக்கு விறாந்தைக்காரர் மழை இருட்டும்போது சாடிகளைச் சுவரோரம் நகர்த்தத் தயாராக இருக்க வேண்டும். மேற்கு வேண்டாம். மாலை வெயிலும் கச்சானும் சேர்ந்து வரும் பக்கம் அது. தகரக் கூரை தாழ்வாக இருக்கும் இடத்தில் கொக்கியில் தொங்கவிடுவதும் வேண்டாம். தகரத்தின் அனல் தொங்கும் சாடியைத்தான் முதலில் தாக்கும். காற்று எல்லாப் பக்கமிருந்தும் பட்டு அது சீக்கிரம் காய்ந்தும்போகும். இங்கே பெட்டூனியாவுக்கு நல்ல இடம் தரை, அல்லது முழங்கால் உயர அரைச்சுவர்.

இனி வகை. கடையில் விதைப் பைக்கற்றின் படத்தைப் பார்த்து வாங்குவதுதான் வழக்கம். உள்ளங்கை அகலப் பூப் படம் இருந்தால் கை தானாக அதற்குப் போகும். அந்தப் பெரிய பூ வகைகள் மழைக்கு மிகவும் மென்மையானவை. ஒரு சாரல் பட்டால் இதழ் ஈரத்தாள் போலச் சுருண்டு, மறுநாள் சாம்பல் நிறப் பூஞ்சணம் ஏறும். பூ சிறியதாக, எண்ணிக்கை அதிகமாகப் பூக்கும் வகைகளும் படரும் வகைகளும் நனைந்தாலும் விரைவில் தேறிவிடும். மாரி மழைக்கு நடுவே வளர்ப்பவர்கள் சிறு பூவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பகல் நீளத்தையும் கவனிக்க வேண்டும். பெட்டூனியா நீண்ட பகலில் பூக்க விரும்பும் செடி. பழைய படரும் வகைகளில் சில 13 மணி நேரத்துக்கும் கூடிய பகல் வந்தால்தான் மொட்டு விடும். கதிரவெளியில் ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 12½ மணி நேரம்தான். ஜனவரியில் 12க்கும் குறைவு. ஜப்பானின் கிரின் பியர் நிறுவனம் உருவாக்கி, 1995இல் அமெரிக்காவில் பரிசு பெற்று உலகப் புகழடைந்த 'பர்பிள் வேவ்' இத்தகைய நீண்ட பகல் வகை. இங்கே அது கொடி கொடியாக ஓடும், பூவுக்கு மிகவும் காக்க வைக்கும். பின்னால் வந்த 'ஈசி வேவ்' வரிசை குறுகிய பகலிலும் பூப்பதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. வெப்ப நாட்டுக்காரர் கேட்டு வாங்க வேண்டியது அத்தகையவற்றைத்தான்.

விதை மிகமிகப் பொடி. ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 விதைகள் இருக்கும். அதனால்தான் நிறுவனங்கள் ஒவ்வொரு விதையையும் களிமண் பூச்சில் உருட்டிக் கடுகளவாக்கி விற்கின்றன. ஒக்டோபர் முதல் பாதியில் விதைப்பது சரியான காலம். கழுவி அடியில் துளையிட்ட யோகட் கோப்பைகள் போதும். சலித்த தும்புத்தூளை நிரப்பி, ஈரமாக்கி, மேலே விதையை வைத்து விரலால் மெதுவாக அழுத்திவிட வேண்டும். மண் போட்டு மூடக் கூடாது. பெட்டூனியா விதைக்கு முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும், கையளவு மண்ணில் புதைத்தவர்களுக்கு ஒன்றுமே முளைக்காததற்குக் காரணம் இதுதான். கோப்பைகளின் மேல் தெளிவான பொலித்தீனைப் போர்த்தி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் ஊசிமுனைப் பச்சை தெரியும். அன்றே பொலித்தீனை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஈரப் புழுக்கத்தில் நாற்றின் அடி அழுகிச் சாய்ந்துவிடும். எறும்புத் தொல்லை உள்ள வீட்டில் கோப்பைகளை ஒரு நீர்த் தாம்பாளத்தின் நடுவே செங்கல் வைத்து அதன் மேல் வைப்பது பாதுகாப்பு.

நவம்பர் நடுவில் நாலைந்து இலை வந்திருக்கும். சாடிக்கு மாற்றும் நேரம் அது. ஆறு இலையானதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராத வேலைதான், ஆனாலும் கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக நீளும், கிள்ளிய செடி நாலு பக்கமும் கிளைக்கும். விதைத்ததிலிருந்து சுமார் 12 வாரம் என்று கணக்கு வைத்தால், தைப்பொங்கலை ஒட்டி முதற் பூக்கள் விரியும். பெப்ரவரியும் மார்ச்சும் உச்சம்.

மண் கலவை விடயத்தில் கடலோரக்காரர் இரண்டு பொருளில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது மணல். வாசலில் கிடக்கும் மணலில் சிப்பித் துகளும் உப்பும் கலந்திருக்கும். சாடிக்கு ஆற்று மணல்தான் வேண்டும். இரண்டாவது தும்புத்தூள். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு நிறைய இருக்கும். வாளியில் ஊறவைத்து, பிழிந்து, நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். இரண்டு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு, ஒரு பங்கு ஆற்று மணல் என்பது நல்ல கலவை. புது மாட்டெரு வேரைச் சுடும்.

சாடிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. மீன் கொண்டுபோகும் ரிஜிபோம் பெட்டி உடைந்த விளிம்போடு கரையில் கிடைக்கும். அதை நன்றாகக் கழுவி, உப்பு போக ஒரு மழையில் நனையவிட்டு, அடியில் ஏழெட்டுத் துளை இட்டால் பெட்டூனியாவுக்கு அதைவிட நல்ல சாடி கிடையாது. அந்தப் பொருள் வெப்பத்தைக் கடத்தாது, வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் சாடி கொதிக்கும்போதும் இதற்குள் வேர் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு பெட்டிக்கு மூன்று செடி போதும்.

நீர்தான் இந்தக் கரையில் பெரிய விடயம். சிப்பி கலந்த மணலில் ஊறும் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கடற்கோளின்போது கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறி, அடுத்தடுத்த மாரி மழைகள்தான் அவற்றைக் கழுவித் தேற்றின. இன்றும் கோடையில் பல கிணறுகள் உவர்க்கும். பெட்டூனியா ஓரளவு உப்பைப் பொறுக்கும். சுண்ணாம்பு நீரை நெடுநாள் பொறுக்காது. மண்ணின் காரத்தன்மை ஏறினால் மண்ணில் உள்ள இரும்பை அதன் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. அடையாளம் தெளிவானது: கொழுந்து இலை மஞ்சளாகும், அதன் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, கொழுந்திலை மஞ்சளானால் இரும்புக் குறைவு. இந்த வேறுபாடு தெரியாமல் மஞ்சளைக் கண்டதும் யூரியா போடுபவர்கள் ஏராளம். யூரியா இதைத் தீர்க்காது, தண்டை மட்டும் நீட்டும்.

மருந்து கூரையிலேயே இருக்கிறது. மாரியில் ஓட்டிலிருந்து வழியும் மழைநீரில் சுண்ணாம்பு இல்லை. முதல் மழையில் தூசி போன பிறகு இரண்டு பீப்பாய் பிடித்து மூடி வைத்தால் பெப்ரவரி வரை பூச்சாடிகளுக்குக் காணும். அதற்குப் பிறகு கொழுந்து வெளிறத் தொடங்கினால் இரும்பு கலந்த நுண்ணூட்ட உரத்தைக் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

நீர் ஊற்றும் நேரம் காலை. அடியில் ஊற்ற வேண்டும், பூவிலும் இலையிலும் படக் கூடாது. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் துளை வழியே வடியும்வரை ஊற்றுவது முறை. டிசம்பரில் மூன்று நாளைக்கு ஒரு தடவை போதும், மார்ச் கடைசியில் தினமும் வேண்டியிருக்கும். பெட்டூனியா வாடி இறந்ததைவிட, நீர் தேங்கி வேரழுகி இறந்ததுதான் அதிகம். வேரழுகிய செடியும் வாடித்தான் தெரியும் என்பதால், பார்த்தவர் இன்னும் ஒரு வாளி ஊற்றிவிடுவார்.

ஓயாமல் பூக்கும் செடிக்கு ஓயாமல் உணவும் வேண்டும். 2021இல் நாட்டில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, சில மாதங்களில் அரசு பின்வாங்கிய காலத்தில், உரத்துக்கு அலைந்த அனுபவம் விவசாயக் குடும்பங்களுக்கு மறந்திருக்காது. பூச்சாடிக்கு வேண்டியது அதில் துளியளவுதான். மண்ணில்லாப் பயிருக்கென விற்கும் அல்பேர்ட் கரைசலை, பைக்கற்றில் சொன்னதைவிட நீர்க்கக் கரைத்து வாரம் ஒரு தடவை ஊற்றலாம். அது கிடைக்காத வீட்டில் மாட்டெருவை ஊறவைத்து வடித்த தெளிநீர்.

பூக்கத் தொடங்கிய பிறகு தினசரி வேலை ஒன்றே ஒன்று: வாடிய பூவை எடுப்பது. இதைச் செய்பவர்களில் பாதிப் பேர் தவறாகவே செய்கிறார்கள். வாடிய பூவைப் பிடித்து இழுத்தால் இதழ்க் குழாய் மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். செடி சுத்தமாகத் தெரியும், வேலை முடிந்ததென்று தோன்றும். ஆனால் ஐந்து விரல்களாக விரிந்த பச்சைப் புல்லிகளின் நடுவே, நெல்மணி அளவில் கூம்பிய சூலகம் காம்பிலேயே இருக்கிறது. அதுதான் காய். ஒரு வாரத்தில் அது பருத்து, பின்னர் பழுப்பாகி, உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட விதைகளைச் சுமக்கும். இப்படிப் பத்துக் காய் பிடித்துவிட்டால் செடி தன் கடமை முடிந்ததெனப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பெருவிரல் நகத்தைப் புல்லிகளுக்குக் கீழே, காம்பு தண்டோடு சேரும் இடத்தில் வைத்துக் கிள்ள வேண்டும். விரல் நுனி பிசுபிசுக்கும். தண்டிலும் இலையிலும் உள்ள நுண் மயிர்களின் முனையில் ஒட்டும் நீர்த்துளி இருப்பதே காரணம். சின்னப் பூச்சிகள் அதில் சிக்கிக் கிடப்பதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் காணலாம். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தேய்த்துக் கழுவினால் பிசின் போய்விடும்.

மார்ச் தொடக்கத்தில் செடி நடுவில் வெறுமையாகி ஓரங்களில் நீளும். அப்போது மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் இரண்டு வாரத்தில் புதுத் தளிரும், ஏப்ரல்வரை இன்னொரு சுற்றுப் பூவும் கிடைக்கும்.

பெட்டூனியா கத்தரி, மிளகாய், தக்காளி, புகையிலையின் குடும்பம். வாகரைப் பக்கத்தில் மிளகாய்த் தோட்டம் அருகிலேயே இருக்கலாம். அங்குள்ள வெண்ணீயும் அசுவினியும் பூச்சாடிக்கும் வரும். இலைக்கடியில் அவை தெரிந்தால் வேப்பெண்ணெயைச் சவர்க்கார நீரில் கலந்து மாலையில் தெளிப்பது போதும். மொட்டில் ஓட்டை தெரிந்தால் அது புழு. பகலில் தேடினால் அகப்படாது, இரவில் டோர்ச் அடித்துப் பார்த்துக் கையால் பொறுக்க வேண்டும். இன்னொரு ஆபத்தைப் பற்றிப் பேசுபவர் குறைவு. புகையிலையைத் தாக்கும் தேமல் வைரசு பெட்டூனியாவையும் தாக்கும். அது உலர்ந்த புகையிலையில் கூட நெடுநாள் உயிர்ப்போடு இருக்கும், கைவழியே பரவும். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களும் சுருட்டு, பீடி பிடிப்பவர்களும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே செடியைத் தொட வேண்டும். இலையில் கரும்பச்சையும் இளம்பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரிந்து, இலை நெளிந்தால் மருந்தில்லை. செடியைப் பிடுங்கி எரித்துவிடுவதே மற்றச் சாடிகளுக்குச் செய்யும் நன்மை.

வெள்ளைப் பெட்டூனியா வளர்ப்பவர்கள் அதன் மணத்தைத் தேடி அந்தி நேரத்தில் அருகில் போக வேண்டும். அதன் வெள்ளைக் காட்டு மூதாதை, இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சியை அழைப்பதற்காகப் பொழுது சாய்ந்த பிறகே மணம் விடும். ஊதா மூதாதைக்குத் தேனீதான் விருந்தாளி, பகலில் நிறம் காட்டினால் போதும். இரண்டின் பிள்ளைகளான இன்றைய வகைகளில் பல மணத்தை இழந்துவிட்டன, என்றாலும் வெள்ளையிலும் கரு ஊதாவிலும் சிலவற்றில் அது தங்கியிருக்கிறது. மாலையில் கதிரை போட்டு உட்காரும் மூலையில் வைக்க வேண்டியவை அவை.

இந்தச் சாதாரணச் சாடிப் பூ அறிவியலுக்குச் செய்த உதவி மிகப் பெரியது. 1990இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜோர்கன்சனின் குழு, ஊதாப் பெட்டூனியாவை இன்னும் கருமையாக்க எண்ணி, நிறம் உண்டாக்கும் மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்றைச் செடிக்குள் செலுத்தியது. நிறம் கூடவில்லை. பூக்கள் பல வெள்ளையாகவும் வெள்ளைக் கோடுகளோடும் விரிந்தன. வெளியிலிருந்து வந்த மரபணுவோடு செடியின் சொந்த மரபணுவும் வாயடைத்துப் போயிருந்தது. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமிலும் இதையே கண்டார்கள். காரணம் 1998இல் அண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் நுண்புழு ஒன்றில் செய்த ஆய்வில் வெளிப்பட்டது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.யால் ஒரு மரபணுவின் செய்தியை அழித்துவிட முடியும். 2006இல் அவர்களுக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த வழியில் உருவான முதல் மருந்து, நரம்புகளைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்க்காக, 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடையில் வாங்கும் நட்சத்திரக் கோட்டுப் பெட்டூனியாவின் வெள்ளைக் கோடுகளும் இதே இயக்கத்தால் இயல்பாக உண்டாகுபவைதான். வெக்கையும் குளிரும் அந்தக் கோலத்தை மாற்றும் என்பதால், மலைநாட்டில் பார்த்த அதே கோலம் கரையில் வரவில்லையென்றால் விதை ஏமாற்றியதாக எண்ண வேண்டியதில்லை.

இன்னொரு கதை 2015இல் ஹெல்சிங்கி ரயில் நிலையத்தில் தொடங்கியது. அங்கே தொட்டிகளில் செம்மஞ்சள் பெட்டூனியா பூத்திருந்ததைத் தாவர ஆய்வாளர் டீமு டீரி கண்டார். இயற்கையில் பெட்டூனியாவால் அந்த நிறத்தை உண்டாக்க முடியாது. 1987இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் மக்காச்சோள மரபணு ஒன்றைச் சேர்த்து உருவாக்கிய பரிசோதனைச் செடி அவர் நினைவுக்கு வந்தது. சோதித்தபோது அதே மரபணு இருந்தது. எப்படியோ ஆய்வுகூடத்திலிருந்து வணிகத்துக்குள் கலந்திருந்தது. 2017இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அத்தகைய வகைகளை விற்பனையிலிருந்து நீக்கி அழித்தார்கள். ஆளுக்கோ சூழலுக்கோ அதனால் தீங்கு கண்டுபிடிக்கப்படவில்லை. அனுமதி பெறாததே குற்றம்.

நமக்கு அருகிலும் பெட்டூனியாவுக்கு ஒரு வரலாறு உண்டு. பெங்களூரில் 1965இல் மன்மோகன் அத்தாவர் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ், பெட்டூனியா உள்ளிட்ட பூக்களின் கலப்பின விதையை ஏற்றுமதிக்காக உற்பத்தி செய்தது. இந்த விதை முழுக்க முழுக்கக் கைவேலை. மொட்டு விரியும் முன் அதைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவ வேண்டும், ஒவ்வொரு பூவாக. கலப்பின விதையின் விலைக்குக் காரணம் இந்த உழைப்பு. வீட்டுச் செடியின் காயிலிருந்து எடுத்த விதை அடுத்த ஆண்டு அதே பூவைத் தராததற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது: இரண்டு தனித்தனிப் பெற்றோரைச் சேர்த்ததால் வந்த ஒருமை, அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடும். பிடித்த செடியைத் தக்கவைக்க விரும்புபவர்கள், பூவில்லாத மூன்றங்குல நுனித் தண்டை மார்ச்சில் வெட்டி, ஈரத் தும்புத்தூளில் நட்டு வேர்விட வைக்கலாம். ஆனால் அந்தப் பதியத்தைக் கச்சான் மாதங்களில் காப்பாற்றுவது கடினம். ஒக்டோபரில் புது விதை வாங்குவதுதான் பெரும்பாலோருக்கு ஏற்ற வழி.

கோடையில் விறாந்தை வெறுமையாக வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசியில் பெட்டூனியாவை எடுத்தவுடன் பத்துமணிப் பூவை நடலாம். அதுவும் தென்னமெரிக்காவில் அதே பகுதியிலிருந்து வந்ததே, ஆனால் சதைப்பற்றுள்ள இலையில் நீரைச் சேமிப்பதால் கச்சானில் சிரிக்கும். மடகஸ்காரிலிருந்து வந்து நம் வேலியோரத்தில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணி, இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தரும் அதே செடி, 34 பாகையிலும் ஒரு நாள் கூடப் பூக்காமல் இராது. பழைய பெட்டூனியா மண்ணை இவற்றுக்கு அப்படியே பயன்படுத்தலாம். மிளகாய்க்கோ தக்காளிக்கோ கத்தரிக்கோ மட்டும் அந்த மண்ணைக் கொடுக்கக் கூடாது. ஒரே குடும்பமாதலால் வேரழுகல் நோயும் வைரசும் மண்ணோடு கூடவே போகும். காய்கறிக்கு வேண்டுமென்றால் ஈரப்படுத்தித் தெளிவான பொலித்தீனால் இறுக மூடி, ஜூன் ஜூலை வெயிலில் ஆறு வாரம் வைக்க வேண்டும். பெட்டூனியாவைக் கொன்ற அதே வெயில் அந்த மண்ணிலுள்ள கிருமிகளில் பெரும்பாலானவற்றைச் சுட்டுவிடும், ஒக்டோபரில் பெட்டி மறுபடி நிரப்பத் தயாராக இருக்கும்.